காசில் நின்ற பேரீச்சை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைக்கும் மலருக்கும் சேர்த்து ஒரு தலைப்புச் சொல்லுங்கள் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, பழைய உரோமாபுரிக் காசுகள் என்றேன். எதிர்முனையில் சிறிது நேரம் பேச்சில்லை. காசு என்று அழைப்பிதழில் அச்சிட்டால் ஆண்டுச் சந்தா கேட்கப் போகிறார்கள் என்று எண்ணி உறுப்பினர்கள் வராமலிருந்துவிடுவார்களோ என்பது அவருடைய கவலை. அந்தக் கவலை பொய்த்துப் போனதில் எனக்கு மகிழ்ச்சி.

இத்தலைப்பை நான் தேர்ந்ததற்கு நம் வட்டமே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் நடந்த மாதக் கூட்டம் ஒன்றில் இளங்கவிஞர் ஒருவர் தம் கவிதையைப் படித்தார். இரவெல்லாம் காய்ச்சலில் கிடந்த குழந்தை விடியற்பொழுதில் கண் விழிப்பதைப் பற்றிய கவிதை. இறுதி வரிகளில் சூரியன் உதித்தது. உடனே பின்வரிசையிலிருந்து ஒருவர், "தேர்தலுக்கு இன்னும் நாள் இருக்கிறதே!" என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். கவிஞர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். அதன்பின் பெரிய விவாதம் மூண்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். சூரியன் உதித்தால் ஒரு கட்சி, இரண்டு இலை துளிர்த்தால் இன்னொரு கட்சி, தாமரை மலர்ந்தாலும் கை உயர்ந்தாலும் வேறு வேறு கட்சிகள். இவையெல்லாம் கறைபட்ட படிமங்கள், நல்ல கவிஞன் இவற்றைத் தொடலாகாது என்று ஒரு சாரார் வாதிட்டனர். அதிகாரம் கைப்பற்றிய படிமத்தைக் கவிதை மீட்க முடியுமா என்ற கேள்வி அன்று விடை காணாமலே கலைந்தது. அந்த இளைஞர் அதற்குப்பின் நம் கூட்டங்களுக்கு வரவில்லை.

சிரித்தவர்களுள் ஒருவன் என்ற முறையில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஓய்வு நேரத்தில் பழங்காசுகளைப் பற்றிப் படிப்பவன் நான். அதிகாரமும் படிமமும் ஓர் உலோகத் துண்டில் ஒன்றாக அமர்ந்திருக்கும் இடம் அது. ஆகவே கேள்வியை உரோமர்களிடம் எடுத்துச் சென்றேன்.

உங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறோம். அதிலுள்ள படங்கள் பெரிதாக்கப்பட்டவை. அந்த அளவில் அவை ஓரளவு பொய்யே சொல்கின்றன. தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசு ஏறக்குறையக் கட்டைவிரல் நகத்தளவுதான். செஸ்டெர்ஷியஸ் என்னும் பித்தளைக்காசு அதைவிடப் பெரியது. ஆனால் நான்கு செஸ்டெர்ஷியஸ் சேர்ந்தால்தான் ஒரு தெனாரியஸ். ஓர் அச்சைப் பட்டடையில் பதித்து, வெற்று வில்லையை அதன்மேல் வைத்து, மற்றோர் அச்சை மேலே பிடித்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். முன்புறத்தில் பேரரசரின் தலை. விளிம்பைச் சுற்றி அவருடைய பட்டங்கள், பாதி பாதியாகச் சுருக்கிய சொற்களில். பின்புறத்தில் ஓர் உருவம், ஓரிரு சொற்கள். நாம் இன்று பேசப்போவது அந்தப் பின்புறத்தைப் பற்றி. ஒரு படிமமும் இரண்டு சொல்லும் என்ற அளவுக்குள் பேசியாக வேண்டும் என்ற கட்டுப்பாடு, நம்மில் குறுங்கவிதை எழுதுவோருக்குப் புதிதன்று.

பின்புறத்தில் பெரும்பாலும் நிற்பவர்கள் பெண்கள். இவர்கள் தேவியரும் ஆவர், பண்புகளும் ஆவர்: அமைதி, ஒற்றுமை, நம்பிக்கை, நல்வாழ்வு, பற்றுறுதி, வெற்றி. இவர்கள் ஏன் பெண்கள்? இலத்தீனில் இப்பண்புப் பெயர்கள் இலக்கணப்படி பெண்பால் என்பதுதான் விடை. 'மேன்மை' என்று பொருள்படும் ஹோனோஸ் ஆண்பாற்சொல். ஆகவே காசில் அவன் இளைஞனாக நிற்கிறான். 'வீரம்' என்னும் விர்ட்டூஸ் இன்னும் வேடிக்கையானது. ஆண்மகனைக் குறிக்கும் 'விர்' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். ஆயினும் இலக்கணத்தில் பெண்பால். எனவே ஆண்மை என்னும் பண்பு தலைக்கவசமும் படைக்கலமும் தாங்கிய பெண்ணாகக் காசில் நிற்கிறது. 68-ஆம் ஆண்டில் கால்பா என்ற பேரரசர் வெளியிட்ட காசில் மேன்மையும் வீரமும் ஆணும் பெண்ணுமாக எதிரெதிரே நிற்பதைக் காணலாம். தமிழில் பண்புப் பெயர்களெல்லாம் அஃறிணை. நம் கவிஞன் நம்பிக்கையைப் பெண்ணாக்க வேண்டுமானால் அதை அவனே முடிவு செய்தாக வேண்டும். உரோமானியச் சிற்பிக்கு அந்த முடிவை மொழியே செய்து கொடுத்துவிட்டது.

இப்பெண்களின் கையிலுள்ள பொருள்களைக் கொண்டு அவர்களை அடையாளம் காண்பது முதற்பாடம். ஒலிவக்கிளை என்றால் அமைதி. பழமும் தானியமும் நிரம்பி வழியும் வளக்கொம்பு என்றால் செழிப்பு. கப்பலின் சுக்கான் என்றால் நல்லூழ். துலாக்கோல் என்றால் நேர்மை. அகராதி போல இதை மனப்பாடம் செய்துவிட்டால் காசுகளைப் படித்துவிடலாம் என்றுதான் தொடக்கத்தில் நானும் நினைத்தேன். ஆனால் துலாக்கோலும் வளக்கொம்பும் ஏந்தி நிற்கும் அதே பெண், சுற்றியுள்ள எழுத்து ஈக்விடாஸ் என்றிருந்தால் நேர்மை. மொனேட்டா என்றிருந்தால் நாணயசாலையின் தேவி. உருவத்தில் வேறுபாடே இல்லாத காசுகள் உண்டு. சொல்தான் பெயர் சூட்டுகிறது.

இதில் நான் சறுக்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். டைபீரியஸ் (ஆட்சி 14-37) வெளியிட்ட வெள்ளிக்காசு ஒன்று உலகெங்கும் பெயர் பெற்றது. வரி கொடுக்கலாமா என்ற கேள்விக்கு விடை சொல்லுமுன் இயேசுநாதர் ஒரு காசைக் கொண்டுவரச் சொன்னார் அல்லவா, அது இதுவே என்று மரபாகக் கருதுவார்கள். பின்புறத்தில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் கிளை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழில் இக்காசைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். அந்தப் பெண் டைபீரியஸின் தாய் லிவியா; மகன் முன்புறத்தில் ஆள, தாய் பின்புறத்தில் அமர்ந்து ஆள்கிறாள் என்று எழுதி, அதன்மேல் தாய்மையும் அதிகாரமும் பற்றி நான்கு பக்கம் கட்டினேன். பலர் பாராட்டினார்கள். ஒரே ஒரு வாசகர் அஞ்சலட்டை எழுதினார்: "அந்தப் பக்கத்திலுள்ள எழுத்து 'பொன்டிஃப் மாக்ஸிம்' என்பது மட்டுமே. அது பேரரசரின் தலைமைக் குருப் பட்டம். தாயைத் தாங்கள் எங்கே படித்தீர்கள்?"

லிவியா என்பது அறிஞர்கள் பலர் ஒப்பும் ஊகம். அமைதித் தேவி என்பாரும் உண்டு. காசு அவள் பெயரைச் சொல்லவில்லை. நான் ஊகத்தை உண்மையாக்கி, என் அழகான வாக்கியங்களுக்கு அவளைப் பயன்படுத்திக்கொண்டேன். அந்த அஞ்சலட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடையாளம் தெளிவாக இருக்கும்போதும் காலம் தெரிந்தால்தான் படிமம் வாய் திறக்கும். காலிகுலா அரியணையேறிய 37-ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த ஒரு பித்தளைக்காசில் மூன்று பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். மேலே எழுத்து மூன்று பெயர்களைச் சொல்கிறது: அக்ரிப்பினா, துரூசில்லா, யூலியா. மூவரும் பேரரசரின் உடன்பிறந்த சகோதரிகள். ஆனால் கையிலுள்ள பொருள்களைப் பார்த்தால் தூணில் சாய்ந்து நிற்கும் அக்ரிப்பினா 'பாதுகாப்பு', துரூசில்லா 'ஒற்றுமை', சுக்கான் பிடித்த யூலியா 'நல்லூழ்'. உவமானமும் உவமேயமும் ஒன்றாகிவிட்ட உருவகம். 38-இல் ஒற்றுமை இறந்து போனாள். 39-இல் பாதுகாப்பும் நல்லூழும் சதிக் குற்றச்சாட்டின்பேரில் அண்ணனாலேயே தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். பாதுகாப்பு பின்னாளில் திரும்பி வந்து நீரோவின் தாயாக அரண்மனையை ஆண்டு, 59-இல் அந்த மகனின் ஆணையாலேயே கொல்லப்பட்டாள். காசு இவ்வளவையும் அறியாமல் மூவரையும் அருகருகே நிறுத்தி வைத்திருக்கிறது.

அடுத்து வந்த கிளாடியஸின் 'நம்பிக்கை' எனக்கு மிகவும் பிடித்தவள். ஸ்பெஸ் என்பது அவள் பெயர். பழங்காலக் கிரேக்கக் கன்னிச் சிலைகளின் சாயலில் நடந்து செல்கிறாள். இடக்கையால் ஆடையின் ஓரத்தைச் சற்றே தூக்கிப் பிடித்திருக்கிறாள், நடையில் தடுக்காதிருக்க. வலக்கையில் ஒரு மொட்டு. மலர்ந்த பூ அன்று என்பதைக் கவனியுங்கள். 41-ஆம் ஆண்டில் கிளாடியஸுக்கு ஒரு மகன் பிறந்ததையொட்டி இக்காசு எழுந்தது என்பர். அந்த மகன் பிரிட்டானிக்கஸ் 55-இல், பதினான்கு வயது நிறையுமுன், நீரோவின் விருந்து மேசையில் இறந்தான். நஞ்சு என்று பண்டைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். காசு நெடுநாள் புழங்கும் பொருள். அவன் இறந்த வாரத்தில் உரோமாபுரிச் சந்தையில் காய்கறி வாங்கிய எவர் கையிலோ அந்த மொட்டு இருந்திருக்கும்.

இப்படிப் பத்துக் காசுகளைப் பார்த்தபின் ஒரு குறுக்குவழி கிடைத்துவிட்டதாகத் தோன்றும்: அதிகாரம் எதை உரக்கச் சொல்கிறதோ அது அங்கே இல்லை. நான்கு பேரரசர்கள் மாறி மாறி வந்த 69-ஆம் ஆண்டில், அவர்களுள் ஒருவரான வித்தேலியஸ், கோத்த இரு கைகளைப் பொறித்துப் 'படைகளின் பற்றுறுதி' என்று எழுதினார். அந்த ஆண்டு முடியுமுன் வேறு படைகள் அவரைக் கொன்றன. 96-இல் ஆட்சிக்கு வந்த முதியவர் நெர்வா மீண்டும் கோத்த கைகளைப் பொறித்துப் 'படைகளின் ஒற்றுமை' என்றார். 97-இல் அவருடைய மெய்க்காவற் படையே அரண்மனையில் அவரைச் சூழ்ந்துகொண்டு, முந்தைய பேரரசரைக் கொன்றவர்களை ஒப்படைக்கச் செய்தது. மூன்றாம் நூற்றாண்டில் காலியேனஸின் காலத்தில் துலாக்கோல் ஏந்திய நேர்மைத் தேவி பொறித்த காசுகள் வந்துகொண்டேயிருந்தன. 268-இல் அவர் இறக்கும்போது அக்காசில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வெள்ளி இல்லை.

இந்தக் குறுக்குவழி இனிமையானது. நம் காலத்துக்கு ஏற்றதும்கூட. ஆனால் எல்லாக் காசுக்கும் இதே திறவுகோலைப் போட்டால் அதுவும் அகராதிதான். கொஞ்சம் கசப்பான அகராதி. அதே நெர்வாவின் இன்னொரு பித்தளைக்காசைப் பாருங்கள். தாளில் மூன்றாவது படம். இரண்டு கோவேறு கழுதைகள் மேய்ந்துகொண்டிருக்கின்றன. பின்னால் ஒரு வண்டி, நுகத்தடி வானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்க, சும்மா கிடக்கிறது. அரசுத் தூதர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வழியிலுள்ள ஊரார் விலங்குகளும் வண்டிகளும் தந்தாக வேண்டும் என்ற சுமை இருந்தது. இத்தாலிக்கு அச்சுமை நீக்கப்பட்டது என்று எழுத்து சொல்கிறது. தேவி இல்லை, வளக்கொம்பு இல்லை. அவிழ்த்துவிட்ட கழுதைகள் புல் மேய்வதைக் கண்டு ஊரார் மூச்சுவிட்டதை ஒரு சிற்பி பார்த்திருக்கிறான். பொய் சொல்லும் அதிகாரம் சில வேளைகளில் உண்மையும் சொல்லும். அப்போது அதன் படிமம் எவ்வளவு எளிமையாகிவிடுகிறது!

இக்காசுகள் யாரிடம் பேசின என்ற கேள்வியில் அறிஞர்கள் நெடுநாளாகச் சண்டையிட்டிருக்கிறார்கள். 1956-இல் ஏ. எச். எம். ஜோன்ஸ், இவை நம் காலத்து அஞ்சல்தலைகளைப் போன்றவை, இவற்றை யாரும் உற்றுப் பார்த்திருப்பார்கள் என்று எண்ண வேண்டாம் என்ற கருத்தில் எழுதி, காசு அறிஞர்களைச் சினங்கொள்ளச் செய்தார். 1982-இல் பார்பரா லெவிக் இன்னொரு கோணத்தைத் திறந்தார். இப்படிமங்களைத் தேர்ந்த நாணயசாலை அதிகாரிகள் மனத்தில் வைத்த வாசகர் பேரரசரேயாக இருக்கலாம். மக்களை நம்பவைப்பதைவிட அவரை மகிழ்விப்பதே நோக்கம் என்றார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. பாராட்டு விழா மேடைகளில் வாசிக்கப்படும் வாழ்த்துப் பாக்களின் வாசகர் யார் என்று நமக்குத் தெரியாதா?

ஆயினும் மக்கள் பார்க்கவேயில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். எபிக்டீட்டஸ் என்ற ஞானி, அடிமையாக இருந்தவர், ஓரிடத்தில் மனிதர்களின் இயல்பைக் காசோடு ஒப்பிடுகிறார். இதில் யார் முத்திரை இருக்கிறது, டிராஜனுடையதா, கொண்டு வா; நீரோவுடையதா, தூக்கி எறி என்ற கருத்தில் பேசுகிறார். கேட்டுக்கொண்டிருந்த மாணவர்கள் காசைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமில்லாதவர்களாக இருந்தால் இந்த ஒப்பீடு எப்படி எடுபட்டிருக்கும்?

எழுத்தறியாத கைக்குப் போனாலும் காசு படிக்கப்படவே செய்தது. நம் மண்ணுக்கு வந்தவையே சான்று. அகஸ்டஸ் தம் பேரர்களும் தத்துப்பிள்ளைகளுமான காயஸ், லூசியஸ் இருவரையும் கேடயம் ஈட்டிகளோடு நிறுத்திப் பொறித்த காசும், நான் தவறாகப் படித்த டைபீரியஸ் காசும் கொங்கு நாட்டுப் புதையல்களில் ஏராளம். அந்த இளவரசர்களுள் லூசியஸ் 2-ஆம் ஆண்டிலும் காயஸ் 4-ஆம் ஆண்டிலும் இறந்துவிட்டார்கள். நம் மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாக அவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சியில் கிடைத்த 501 பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே ஒரு வெட்டு இருக்கிறது. பின்புறத்துத் தேவியரை விட்டுவிட்டு முகத்தைத் தேடி வெட்டியிருக்கிறார்கள். இனி இது காசாகப் புழங்காது, எடைக்குரிய பொன் மட்டுமே என்று அறிவிக்கும் வெட்டு என்பது பலரும் சொல்லும் விளக்கம். இலத்தீன் அறியாத எவரோ, இந்த உலோகத்தில் அதிகாரம் எங்கே குடியிருக்கிறது என்பதைத் துல்லியமாகப் படித்திருக்கிறார்.

இனி நான் சொல்ல வந்த மரத்துக்கு வருகிறேன்.

யூதேயா நாடு பேரீச்சைக்குப் பெயர் பெற்றது. அங்கே ஆண்ட உரோமானிய அதிகாரிகள் வெளியிட்ட சிறு செப்புக்காசுகளிலேயே குலை தொங்கும் பேரீச்சை மரம் உண்டு. அப்போது அது அந்த மண்ணின் அடையாளம், அவ்வளவே. 66-இல் யூதர்கள் உரோமை எதிர்த்து எழுந்தார்கள். கிளர்ச்சியின் நான்காம் ஆண்டில், அதாவது 69-70-இல், முற்றுகை நெருங்கிவந்த எருசலேமில் அவர்கள் அடித்த செப்புக்காசிலும் பேரீச்சை நிற்கிறது. இருபுறமும் பழம் நிறைந்த இரு கூடைகள். எழுத்து, சீயோனின் மீட்பைப் பாடுகிறது. பசி நகருக்குள் நுழைந்துகொண்டிருந்த காலத்தில் நிறைந்த கூடைகள்!

70-இல் நகரம் வீழ்ந்தது. கோயில் எரிந்தது. 71 முதல் உரோமாபுரி நாணயசாலையிலிருந்து வெஸ்பாசியனின் பித்தளைக்காசுகள் வெளிவரலாயின. 'யூதேயா காப்டா', கைப்பற்றப்பட்ட யூதேயா. நடுவே அதே பேரீச்சை. அதன் அடியில் ஒரு பெண் தரையில் அமர்ந்து, தலையைக் கையில் தாங்கி அழுகிறாள். மறுபுறம் சில காசுகளில் கைகள் பின்னால் கட்டப்பட்ட ஆண். சில காசுகளில் ஈட்டி ஏந்திய பேரரசர், ஒரு காலைத் தலைக்கவசத்தின்மேல் ஊன்றி நிற்கிறார். யூதேயா என்ற நாட்டுப்பெயரும் இலக்கணப்படி பெண்பால். அந்த இலக்கணம் இங்கே ஒரு நாட்டையே தரையில் உட்கார்த்தி வைத்துவிட்டது.

இக்காசின் நல்ல படி ஒன்றை முதன்முதல் பார்த்தபோது நான் கலங்கிப் போனேன். அவளுடைய முதுகு வளைந்திருக்கும் விதம், முழங்காலில் ஊன்றிய முழங்கை, சரிந்த முக்காடு, எல்லாம் துக்க வீட்டில் நாம் கண்டவை. வெற்றியைப் பொறிக்கச் சொன்னால் இந்தச் சிற்பி துயரத்தைப் பொறித்துவிட்டான். அரசனுக்குத் தெரியாமல் தோற்றவர் பக்கம் நின்றுவிட்டான் என்று எண்ணினேன். அடுத்த கட்டுரைக்கு முதல் வாக்கியம்கூட ஆயத்தமாகிவிட்டது. அப்போது அந்த அஞ்சலட்டை நினைவுக்கு வந்தது. இரக்கத்தைத் தாங்கள் எங்கே படித்தீர்கள்?

எழுத்தைப் பார்த்தேன்: கைப்பற்றப்பட்டது. அகஸ்டஸ் காலத்திலேயே 'கைப்பற்றப்பட்ட எகிப்து' என்று முதலையைப் பொறித்த மரபு அது. பேரரசரைப் பார்த்தேன்: கால் தலைக்கவசத்தின்மேல். அக்காசைக் கையில் வாங்கிய உரோமானியனுக்கு அவளுடைய கண்ணீர் வெற்றிக்கான சான்று. அழுகை எவ்வளவு உண்மையாக இருக்கிறதோ அவ்வளவு வெற்றி முழுமை. சிற்பியின் திறமை முழுதும் அந்தப் பக்கத்துக்கே வேலை செய்தது. நமக்கு இன்று கண் கலங்குவதால் அவனுக்கு மன்னிப்புக் கிடைத்துவிடாது. கவிஞர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்வது கடினமாகத்தான் இருக்கிறது. திறமையாக எழுதப்பட்ட துயரம் துயருற்றவரின் பக்கம் நிற்கிறது என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம்.

கோயிலுக்கென்று யூதர்கள் ஆண்டுதோறும் கொடுத்துவந்த காணிக்கையை, கோயில் எரிந்தபின் உரோமாபுரியின் ஜூபிடர் கோயிலுக்கு வரியாகக் கட்டச் செய்தார் வெஸ்பாசியன். ஆளுக்கு இரண்டு தெனாரியஸ் மதிப்பு. அவருடைய இளைய மகன் டொமிஷியன் காலத்தில் வசூல் கொடுமையாயிற்று. தாம் இளைஞராக இருந்தபோது, தொண்ணூறு வயது முதியவர் ஒருவர் விருத்தசேதனம் செய்யப்பட்டவரா என்று கூட்டம் நிறைந்த மன்றத்தில் உடை களைந்து சோதிக்கப்பட்டதைக் கண்டதாகச் சூயெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். 96-இல் டொமிஷியன் கொல்லப்பட, நெர்வா வந்தார். அந்த ஆண்டிலேயே ஒரு பித்தளைக்காசு: நடுவே அதே பேரீச்சை. அடியில் பெண் இல்லை, கைதி இல்லை, பேரரசரும் இல்லை. மரம் மட்டும் தனியே நிற்கிறது. யூத வரியின்பேரில் நடந்த பொய்க்குற்றச்சாட்டு நீக்கப்பட்டது என்கிறது எழுத்து. வரி நீங்கவில்லை, அவமானம்தான் நீங்கியது. நிழலில் அமர்ந்திருந்தவளை எழுப்பி அனுப்பிவிட்டது போன்ற அந்த வெற்றிடம், இருபத்தைந்து ஆண்டுகளாக முந்தைய காசைக் கையாண்டவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

132-இல், ஹாட்ரியன் ஆட்சியில், மீண்டும் கிளர்ச்சி. தலைவர் ஷிமோன், பார் கோக்பா என்று வரலாறு அறிந்தவர். கிளர்ச்சியாளர்கள் தமக்கென்று காசு வெளியிட்டார்கள். செப்புக்காசுகளில் ஏழு கிளைப் பேரீச்சை, இரு குலைகள், ஷிமோன் என்ற பெயர். மறுபுறம் திராட்சை இலை. வெள்ளிக்காசுகளில் திராட்சைக் குலை, யாழ், ஊதுகொம்பு. எழுத்து, அன்றாட வழக்கிலிருந்து எப்போதோ விலகிப்போன பழைய எபிரேய வரிவடிவம். இப்படிமங்கள் எவையும் புதியவை அல்ல. பேரீச்சையில் யூதேயா காப்டா படிந்திருந்தது. கறைபட்ட படிமம் என்று நம் வட்டம் சொல்லியிருக்கும். அவர்கள் வேறு மரம் தேடவில்லை.

அவர்களிடம் புதிய உலோகமும் இல்லை. புழக்கத்திலிருந்த காசுகளையே எடுத்து, செப்புக்காசுகளை அரத்தால் தேய்த்து, வெள்ளிக்காசுகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்து, அவற்றின்மேல் தம் அச்சை வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். வெஸ்பாசியனின் தெனாரியஸும் டிராஜனின் தெனாரியஸும் இவ்வாறு மறுபிறவி எடுத்திருக்கின்றன. கிளர்ச்சி 135-இல் நசுக்கப்பட்டது. எருசலேமுக்கு உரோமானியப் பெயர் சூட்டப்பட்டது; அந்தப் புதிய நகரின் காசில் பேரரசர் ஏர் பிடித்து எல்லை உழுகிறார். உழவும் ஒரு படிமம்தான் அல்லவா!

தாளின் கடைசிப் படம் அத்தகைய வெள்ளிக்காசு ஒன்று. முதலில் பார்த்தால் திராட்சைக் குலையும் எபிரேய எழுத்தும் மட்டுமே தெரியும். தாளைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். சம்மட்டி அடி போதாமல் போன இடத்தில், குலைக்குப் பின்னால் ஒரு நெற்றிக்கோடும் விளிம்பில் இலத்தீன் எழுத்து இரண்டும் மங்கலாக இருக்கின்றன. பழைய முகம் முழுதும் போகவில்லை. கண் மங்கியவர்களுக்காக முன் மேசையில் ஓர் உருப்பெருக்கி வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.

இதே தாளில் ஒரு படியை அந்த இளங்கவிஞருக்கும் சென்ற வாரம் அஞ்சலில் அனுப்பினேன். கூடவே, அந்தக் கவிதையை இன்னொரு முறை படிக்க வருவாரா என்று கேட்டு நான்கு வரி எழுதினேன். அன்று சிரித்ததற்கு வருத்தமும் தெரிவித்தேன். பதில் இன்னும் வரவில்லை.